கண்ணொளியும் கண்ணியமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் வீட்டு முதியோர் பலர், பார்வை மங்கிய பின்னும் அதனை வெளியில் சொல்வதில்லை. அறுவை சிகிச்சை பற்றிய அச்சம் ஒரு காரணம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற தயக்கம் மற்றொன்று. இலவசமென்றால் மதிப்பிராது என்ற எண்ணமும் உண்டு.

இவ்விடத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நினைத்துப் பார்க்கிறோம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், 1976-இல் 11 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். கட்டணப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களே முறைவைத்து இலவசப் பிரிவிலும் அறுவை சிகிச்சை செய்கின்றனர். முகாமில் கண்புரை கண்டறியப்பட்டோரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, சிகிச்சைக்குப் பின் ஊரில் கொண்டுவந்து சேர்க்கின்றனர். செயற்கை வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்ததால், 1992-இல் ஆரோலேப் நிறுவனத்தை ஏற்படுத்தி அதனையும் தாமே தயாரிக்கலாயினர்.

இவ்வாறு மனநிறைவுடன் ஊர் திரும்பியவரின் சொல்லே அடுத்தவரின் அச்சத்தைப் போக்குகிறது. ஆகவே, சிகிச்சை பெற்றவர்கள் தம் அனுபவத்தை அண்டை வீட்டாரிடம் எடுத்துரைக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு வீட்டாரும் தம் முதியோரிடம் பார்வை குறித்து இன்றே கேட்டறியுங்கள். கண்புரை மறைத்த பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம்; கண் நீர் அழுத்த நோயால் இழந்த பார்வையோ திரும்பாது. காலம் தாழ்த்த வேண்டாம்.