சிலேட்டும் தட்டைக் கணினியும்



நம் தோட்டங்களில் வாழும் முதியவர்களிடம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிலேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளை சிலேட்டில் எழுதும். தவறு இருந்தால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதும். சிலேட்டு தானாக எதையும் சொல்லித் தருவதில்லை. பிள்ளை எழுதினால்தான் அதில் எழுத்து இருக்கும்.

பின்னர் 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. நல்ல பாடங்கள் பல அதில் வந்தன. ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே பிள்ளைக்கு உள்ள வேலை ஒன்றுதான். உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்று பிள்ளைகள் ‘டேப்லெட்’ என்று சொல்லும் தட்டைக் கணினி வகுப்பறைக்குள் வந்திருக்கிறது. இது விந்தையான ஒரு பொருள். சிலேட்டைப் போல எழுதவும் வரையவும் இடம் கொடுக்கும். தொலைக்காட்சியைப் போல நாள் முழுதும் படம் காட்டிக்கொண்டும் இருக்கும். எதுவாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் கருவி முடிவு செய்வதில்லை. ஆசிரியரும் பெற்றோரும்தான் முடிவு செய்கிறார்கள். இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். எங்களுடையது மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி. 150 பேருக்கும் குறைவாக மாணவர்கள் உள்ள பள்ளிகளை அரசாங்கம் அவ்வாறு வகைப்படுத்துகிறது. இத்தகைய தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் பல உள்ளன.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியாக வந்தது. ஆனால் தோட்டத்து வீடுகளில் நிலைமை என்ன? ஒரு வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர், கைப்பேசியோ ஒன்று. அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்காட்டுக்குப் போய்விடும். அப்பா வீடு திரும்பும் வரை பாடம் காத்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதம், சபா மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்து சோதனை எழுதிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

இந்தக் குறையைப் போக்கவே ‘செர்டிக்’ என்ற திட்டம் வந்தது. அரசு சார்ந்த நிறுவனங்கள் 15 கோடி ரிங்கிட் வழங்க, 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 ஏழை மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் கொடுப்பதென 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் கருவி கைக்கு வந்துவிட்டால் கல்வியும் கூடவே வந்துவிடுமா?

இந்தக் கேள்விக்குத் தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாடு ஒரு பாடம் தருகிறது. அந்நாட்டு அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் சிறு மடிக்கணினிகளைக் கொடுத்தது. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகள் 319இல் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியாயிற்று. பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறன் ஓரளவு கூடியிருந்தது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

இவ்வளவுக்கும் அந்தத் திட்டத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் ஒருவர் சீமோர் பேப்பர்ட் என்ற கல்வியாளர். அவர் 1980இல் எழுதிய நூல் ஒன்றில் வற்புறுத்திய கருத்து எளியது. கணினி பிள்ளையை ஆட்டி வைக்கக் கூடாது. பிள்ளைதான் கணினிக்குக் கட்டளையிட வேண்டும். ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கும்போதுதான் பிள்ளை நன்றாகக் கற்கிறது என்பதே அது. கருவியைக் கொடுத்துவிட்டு, அதைக் கொண்டு என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் இந்தக் கருத்து காகிதத்தோடு நின்றுவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

இனி, எங்கள் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பவை ஐந்து தட்டைக் கணினிகள். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நல்லெண்ணம் கொண்ட சிலரும் சேர்ந்து வாங்கித் தந்தவை. நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் சேர்த்துப் பிள்ளைகள் 17 பேர். ஆளுக்கு ஒன்று இல்லையே என்று நாங்கள் வருந்துவதில்லை. மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று கொடுக்கிறோம். ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் பேசுவார், ஒருவர் தாளில் குறிப்பு எழுதுவார், வேலையை மாற்றிக்கொள்வார்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் கருவி கையில் இருப்பது ஏறக்குறைய 15 நிமிடம். முதலில் தாள், பென்சில், பேச்சு, பிறகுதான் கருவி. இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம்.

இந்த வேலைகளுக்கு இணையம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். படம் எடுக்க, குரல் பதிவு செய்ய, வரைய, எழுத, கருவி ஒன்றே போதும். ‘லைன்’ கிடைக்காத தோட்டத்திலும் இவற்றைச் செய்யலாம்.

சென்ற பருவமழைக் காலத்தில் பிள்ளைகள் மழையை அளந்தார்கள். ஒரு நெகிழிப் புட்டியின் மேல் பாகத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, திறந்த வெளியில் நட்டார்கள். தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்தார்கள். பின்னர் அந்த எண்களைத் தட்டைக் கணினியில் பட்டை வரைபடமாக்கினார்கள். புத்தகத்தில் உள்ள வரைபடத்தைப் படிக்கத் திணறிய பிள்ளைகள், தாங்கள் அளந்த மழையின் வரைபடத்தைப் பிறருக்கு விளக்கினார்கள்.

மழைக் கணக்கு எங்களை வெள்ளத்துக்கு அழைத்துச் சென்றது. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே 2007 ஜனவரியிலுமாக இருமுறை வெள்ளம் வந்து கோத்தா திங்கி நகரை மூழ்கடித்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஆகவே, ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டுக் குரலைப் பதிவு செய்து வர வேண்டும் என்றோம். தண்ணீர் எதுவரை ஏறியது? எதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? எங்கே தங்கினீர்கள்? இவ்வாறு கேட்டு வந்த பதில்களைக் கொண்டு பிள்ளைகள் ஊரின் வரைபடம் ஒன்று வரைந்து, தண்ணீர் நின்ற இடங்களைக் குறித்தார்கள். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு தாத்தாக்கள் இரண்டு விதமாகச் சொன்னபோது, எது சரி என்று கண்டறிய மூன்றாமவரைத் தேடிப் போனார்கள். வரலாற்றுப் பாடம் என்பது அதுதானே!

எல்லாவற்றிலும் நான் பெரிதாக மதிப்பது மற்றொரு வேலையை. அதற்குத் ‘தோட்டத்துச் சொல் அகராதி’ என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு, நம்மிடமிருந்து மெல்ல மெல்ல நழுவிப்போன சொற்கள் ஏராளம். மங்கு என்றால் என்ன? பெரட்டு என்றால் என்ன? நிரை, ஆயாக்கொட்டகை என்றால் என்ன? எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இவை தெரியவில்லை. பாட்டிமாருக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்டு வந்து, பொருளை எழுதி, படம் வரைந்து, பாட்டியின் குரலையும் சேர்த்தார்கள். தமிழிலேயே தட்டெழுதினார்கள். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்களின் ‘செல்லினம்’ 2005இல் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டு வந்தது. இன்று கருவியில் தமிழ் எழுதுவது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு சிறுமி ‘பெரட்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். விடியுமுன் எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெரட்டுக் களத்துக்குப் போனதை அவளுடைய பாட்டி சொல்லியிருந்தார். அதைச் சுருக்கி அவள் தன் குரலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தாள், கேட்டாள், முகம் சுளித்தாள். “இன்னொரு தடவை பேசுறேன் சார்” என்றாள். நான்கு தடவை அழித்து அழித்துப் பேசினாள். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் சீரானது. நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அந்தக் கருவி அவளுக்குக் கொடுத்தது.

நேயர்களே, உங்களுக்குச் சில ஐயங்கள் இருக்கலாம்.

“சார், இதைக் கொடுத்தால் பிள்ளைக்குக் கண் கெட்டுவிடாதா?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சீனாவில் குவாங்சோ நகரின் 12 பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர். மற்றப் பள்ளிகளிலோ ஏறக்குறைய 40 பேர். 2015இல் இந்த முடிவு வெளியானது. ஆகவே பிள்ளைகளை வெளியில் விளையாட விடுங்கள். திடல் நம் தோட்டத்தில் இருக்கவே இருக்கிறது. இரவில் படுக்கையில் கைப்பேசி வேண்டாம்.

“கையெழுத்து மறந்துவிடுமே?” என்று கேட்கலாம். மறக்க விடக்கூடாது என்பதால்தான் தாளில் எழுதிய பிறகே எங்கள் வகுப்பில் கருவியைத் தொடுகிறார்கள். கணினிக் கல்வியில் முன்னோடியான சுவீடன் அரசே 2023இல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகங்கள் வாங்கக் கூடுதல் பணம் ஒதுக்கியது. புத்தகத்தின் இடம் புத்தகத்துக்கே.

“சோதனைக்கு இது உதவுமா?” என்பது அடுத்த கேள்வி. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் சோதனை 2021இல் அகற்றப்பட்டது. அதன் பின்னர் வகுப்பறை மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் கூடியது. பிள்ளை எதைக் கேட்டது, எப்படி விளக்கியது, எதைச் செய்து காட்டியது என்பதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். சோதனை எதுவாக இருந்தாலும், கேட்டதைத் தன் சொல்லில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை.

இதில் பெற்றோர் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, பிள்ளை கேள்வி கேட்டு வந்தால் “எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவன்” என்று அனுப்பிவிடாதீர்கள். மரத்தின் வயதைப் பட்டையைப் பார்த்துச் சொல்வீர்கள். குலை பழுத்ததை உதிர்ந்த பழத்தைக் கொண்டு அறிவீர்கள். பாடநூலில் இல்லாத இந்த அறிவுதான் எங்கள் வகுப்புக்கு வேண்டும்.

இரண்டாவது, பிள்ளை கைப்பேசியோடு இருக்கும்போது “என்ன பார்க்கிறாய்?” என்று கேட்பதோடு நிற்காமல், “இன்றைக்கு என்ன செய்தாய், காட்டு” என்று கேளுங்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால், கருவியை வாங்கி வைத்துவிட்டுத் திடலுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, பிறருடைய படத்தையோ குரலையோ அவர் அனுமதியின்றி எடுக்கவும் அனுப்பவும் கூடாது என்பதை வீட்டிலும் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வியே, “பாட்டி, பதிவு செய்துக்கலாமா?” என்பதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போகின்றன, வேலைக்காட்டில் இன்று கேட்கும் பேச்சு பல நாடுகளின் பேச்சு. நம் பெரியவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க இன்னும் பல ஆண்டுகள் நமக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வேலையைப் பத்து வயதுப் பிள்ளை செய்ய முடியும். செய்யும்போதே அது தமிழும் கணக்கும் வரலாறும் கற்கிறது.

எங்கள் சொல் அகராதியில் இதுவரை 63 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் தோட்டத்துப் பள்ளியிலும் ஒன்று தொடங்கலாம். கருவி இல்லையென்றால் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். இன்றிரவு சாப்பாட்டு வேளையில் உங்கள் பிள்ளைக்கு ஒரு பழைய சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். நாளைக் காலையில் அதை ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சொல்லட்டும்.