எழுதி வைத்தால்தான் வழக்கு நிற்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஆற்றிய உரை)



"வக்கீலம்மா, நீங்க என்ன கேஸ் நடத்துறீங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. சரக்கு கொடுத்துப் பணம் வராதது, கூட்டு வியாபாரத்தில் பங்குத் தகராறு போன்ற வியாபார வழக்குகள், அவற்றின் மேல்முறையீடுகள். இதுதான் என் தொழில்.

மேல்முறையீடு என்றால் மறுபடி முதலிலிருந்து சாட்சி சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியத்தையும் ஆவணத்தையும் வைத்துத்தான் மேல் கோர்ட்டு பார்க்கும். புதுச் சாட்சியத்தை அபூர்வமாகத்தான் அனுமதிப்பார்கள். அங்கே போய் நாம அழுது பிரயோஜனம் இல்லை. சீட்டு இருந்தா அது பேசும்.

நம்ம காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னால் எத்தனை பெண்களின் கை இருக்கு! தார் சுற்றுறது, பாவு பிணைக்கிறது, கோர்வைக்குத் துணையா உட்கார்றது. கூலி மட்டும் பல வீடுகளில் வீட்டுக்காரர் பேரில் ஒரே தொகையாக எழுதப்படும். உங்க உழைப்புக்கு ஒரு வரிகூடச் சாட்சி இருக்காது.

இப்படி எழுதப்படாத உழைப்பைப் பற்றி 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 1983-ல் வழக்கறிஞராகி, 2000-ல் நீதிபதியானவர். விபத்தில் இறந்த ஒரு இல்லத்தரசிக்கான இழப்பீடு பற்றிய மேல்முறையீடு அது. சம்பளம் இல்லை என்பதால் அவர் செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று ஆகாது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்.

அவரே பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவரானார். பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு மாதம் சுமார் 2,80,000 ரூபாய். அதையே 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோ கம்பெனிக்கு 2012-ல் அனுமதி கிடைத்தது. பேயர் மேல்முறையீடு செய்தது. 2013-ல் வாரியம் அந்த அனுமதியை உறுதி செய்தது. இரண்டு கம்பெனிகளின் சண்டைதான். பலன் நோயாளி வீட்டுக்கு வந்தது.

இனி நம்ம விஷயம். மூணு பழக்கம் போதும்.

ஒண்ணு, சேலை கொடுக்கும்போது எண்ணிக்கை, விலை, தேதி எழுதி, வாங்குபவர் கையெழுத்தை வாங்குங்க. தெரிஞ்சவங்கதானேன்னு விடாதீங்க. தார் சுற்றுன கணக்கும் உங்க பேரில் தனியா இருக்கட்டும்.

ரெண்டு, நாளைத் தவற விடாதீங்க. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருஷம். செக் திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். சாதாரண உரிமையியல் வழக்கில் மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள்.

மூணு, வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து உட்கார வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் பண்ணுங்க.

குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுறீங்களே, அந்தப் பழக்கத்தைத்தான் தறிக்கும் கடைக்கும் கொண்டு போகச் சொல்றேன். ஒரு நோட்டுப் புத்தகச் செலவு. உங்க கூலி உங்களுடையதுன்னு எந்தக் கோர்ட்டிலும் காட்டலாம்.