நின்ற திருக்கோலம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், அறுக்காதே" என்று எச்சரித்துத்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விடுதியில் எனக்கு ஓர் அறைத்தோழன். மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறுவான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை கம்பியைப் பிடிக்காமல் நின்றே வருவது அவனுக்கு ஒரு வீம்பு. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக் குளியலறையில் விழுந்தான். வழுக்கக்கூட இல்லை, கால் மாற்றி வைக்கையில் தடுமாற்றம், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவன் நாலாம் மாசம் போய்விட்டான். சர்க்கரை கிடையாது, இருதயமும் நன்றாக இருந்தது.

காரியத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பக் கிளம்பும்போது பேண்ட் போட ஒரு காலைத் தூக்கினேன். நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துதான் போட்டேன். எத்தனை வருஷமாக இப்படி உட்கார்ந்து போடுகிறோம் என்று யோசித்தால் ஞாபகமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

டொரண்டோவில் இருக்கும் என் பெண், "அப்பா, பிலாட்டீஸ் பண்ணுங்க" என்றாள். பிளேட் சமாசாரம் ஏதோ என்று நினைத்தேன். அது ஒருத்தர் பெயராம். ஜோசப் பிலாட்டீஸ், 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் அவரைக் காவலில் வைத்தார்கள். பிற்பாடு நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தி 1967-ல் காலமானார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கண்ட்ராலஜி'. அதாவது உடம்பை மனசின் கட்டுக்குள் கொண்டுவருவது.

அதில் பெரும்பகுதி பாயில் படுத்துச் செய்வது. படுத்தேன். பெரிய பெருமாள் மாதிரி சுகமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்பட்டது! ஸ்ரீரங்கத்தில் பெருமாள் கிடந்த கோலம், உறையூரில் அழகிய மணவாளன் நின்ற கோலம். "நமக்கு உறையூர்தான் சரிப்படும்மா" என்றேன். அவளும் நின்றபடி செய்வதையே சொல்லிக் கொடுத்தாள்.

ரொம்ப எளிசு. வெறுங்காலோடு, குதிகால்கள் சேர்ந்து, முன்பாதம் சற்று விரிந்து நிற்கணும். அடிவயிற்றை லேசாக உள்ளே இழுத்து, தோளைத் தளர விடணும். மூச்சை விட்டுக்கொண்டே குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்கணும். இறக்குவதில்தான் சூட்சுமம், தொப்பென்று போட்டால் பலன் பாதி போச்சு. அப்புறம் முட்டியைக் கொஞ்சம் மடக்கி நிமிர்வது. பிள்ளையாருக்கு முன்னால் போடும் தோப்புக்கரணத்தின் தங்கைதான் அது. கடைசியில் ஒற்றைக் காலில் நிற்பது. நம்மூர் யோகத்தில் தாடாசனமும் விருட்சாசனமும் இதையேதான் சொல்கின்றன. ஐயங்கார் 1966-ல் எழுதிய யோகப் புத்தகத்தில் முதல் ஆசனமே தாடாசனம்தான். நிற்பதில் என்ன ஆசனம் என்று அந்தக் காலத்தில் நான் சிரித்தவன்.

நிற்கும்போது உடம்பின் பாரம் பாதம், கணுக்கால், தொடை, இடுப்பு எல்லாவற்றிலும் இறங்குகிறது. பாரம் சுமக்கிற எலும்புதான் உரம் பெறும். நாம் தடுமாறுவதும் நிற்கும்போதுதானே? அதற்கான பழக்கத்தைப் படுத்துக்கொண்டு எப்படிப் பெறுவது?

2022-ல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வந்தது. 51 முதல் 75 வயது வரை 1702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. ஏழாண்டு வாக்கில் பார்த்தபோது, நிற்க முடியாதவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நின்றவர்களில் ஐந்து பேர்கூட இல்லை. முடியாதவர்களிடம் வியாதியும் வயசும் கூடுதலாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் காலில் நின்றால் எமன் வரமாட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 2019-ல் நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது நூற்றுக்கு 23 அளவு குறைகிறது என்று தெரிந்தது. பிலாட்டீஸ்தான் வேண்டும் என்றில்லை. சமநிலைப் பயிற்சி எதுவானாலும் சரி.

ஜாக்கிரதையும் வேணும். பக்கத்தில் சுவரோ கனமான நாற்காலியோ இருக்கட்டும். தலைசுற்றல் உள்ளவர்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள் முதுகை வளைத்துக் குனிகிற வேலையே வேண்டாம்.

ஒரு வருஷமாக, விடியற்காலை உத்திர வீதியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் செய்கிறேன். இப்போது பேண்ட்டை நின்றே போடுகிறேன். இடது காலில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் உண்டு.

மணி அடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போகுமுன், எல்லோரும் எழுந்து முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது காலைத் தூக்குங்கள். முடிந்தவர்கள் மட்டும் கையை விடுங்கள். நான் பத்து எண்ணுகிறேன். செயலாளர் சார், நீங்களும்தான்.