அயல் நகரில் ஆங்கிலம் கற்பிக்கப் போகுமுன்



தோட்டத்து மக்களுக்கு மந்தக் காலம் புதிதன்று. 1930ஆம் ஆண்டையொட்டி உலக வாணிபம் சரிந்தபோது ரப்பர் விலையும் வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1998இல் நாணய நெருக்கடியின்போது மலேசியப் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. 2020இல் கொரோனாத் தொற்றினால் மறுபடியும் சுருங்கியது. இத்தகைய காலங்களில், படித்து முடித்த பிள்ளைகளும் வேலையின்றி வீட்டில் இருக்க நேரிடுகிறது.

அப்போது ஓர் எண்ணம் பிறக்கிறது: "ஆங்கிலம் தெரியுமே! பாங்காக் போன்ற பெருநகருக்குப் போய்க் கற்பித்தால் என்ன?" நல்ல எண்ணந்தான். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கிய காலத்தில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டார் இங்கே வந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர்களும் மலாயாவுக்கு ஆசிரியர்களாக வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் வெளியே போக நினைக்கிறார்கள். தாய்லாந்தில் பள்ளிகளும் மொழி வகுப்பு நடத்தும் நிலையங்களும் வெளிநாட்டு ஆசிரியர்களை அமர்த்துகின்றன.

நம் பிள்ளைக்கு ஒரு பலமும் உண்டு. தமிழும் மலாயும் கற்று, பிறகு ஆங்கிலம் கற்றவர் அவர். பிறமொழி படிக்கும் குழந்தை எங்கே தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், பேசத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. போகுமுன் உள்ளூர் டியூஷன் வகுப்பிலாவது சில மாதம் கற்பித்துப் பார்ப்பது நல்லது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தாய்லாந்துப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரியப் பொதுவாகப் பட்டம் வேண்டும். வேலைக்குரிய விசா வேண்டும். அங்கே சென்றபின் வேலை பெர்மிட் வேண்டும். ஆசிரியர் உரிமமோ, அதற்குத் தற்காலிக விலக்கோ பள்ளியின் மூலம் பெற வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரிடம் தேர்வுச் சான்றிதழும் கேட்பார்கள். சில பள்ளிகள் அவருக்குச் சம்பளத்தைக் குறைத்தும் பேசும். தாய்லாந்தில் பணிபுரிந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் இந்த விசாவுக்காகவே ஜார்ஜ் டவுனிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்துக்கு வந்து சென்றதுண்டு. சுற்றுலாப் பயணியாக நுழைந்து வகுப்பெடுப்பது அங்கே குற்றம். "முதலில் வா, பெர்மிட் பிறகு பார்க்கலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன மலேசியர் பலர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். தாய்லாந்தில் வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை கடத்தி அடைத்து வைத்த சம்பவங்களும் உண்டு.

பால்மரம் வெட்டும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் தமிழிலேயே நான்கு கேள்விகள் கேட்கலாம். வேலை தரும் பள்ளியின் பெயரும் முகவரியும் என்ன? ஏஜெண்டை விட்டு, அந்தப் பள்ளியோடு நேரே பேசினாயா? ஒப்பந்தம் கையில் வந்துவிட்டதா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? பாஸ்போர்ட்டைப் பிறரிடம் ஒப்படைக்கச் சொன்னால் அந்த வேலையே வேண்டாம். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாங்காக்கிலுள்ள மலேசியத் தூதரகம், சொங்க்லாவிலுள்ள துணைத் தூதரகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களையும் குறித்து வையுங்கள்.

பணக் கணக்கும் போட வேண்டும். முதல் சம்பளம் ஒரு மாதம் உழைத்த பிறகே வரும். அதற்குள் வீட்டு வாடகையும் முன்பணமும் கட்டியாக வேண்டும். மூன்று மாதச் செலவும், திரும்பி வரும் பயணச் செலவும் கையில் இல்லாமல் புறப்படக் கூடாது. இதற்காகத் தாலியை அடகு வைப்பதும் வேண்டாம். இங்கே வாங்கிய கல்விக் கடனின் தவணை நிற்காது. முதலாளி கட்டும் சேமநிதிச் சந்தா நின்றுபோகும். அங்கே பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது. ஆகவே சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நேயர்களே, நம் முன்னோர் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு விசாரித்துப் பார்க்க வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு வழியிருக்கிறது. பிள்ளை போக விரும்பினால் தடுக்க வேண்டாம். விசாரித்து, காகிதங்களைச் சரிபார்த்து, பிறகு வாழ்த்தி அனுப்புங்கள்.