சிலிண்டரில் பனி பிடித்தால் என்ன செய்வது?

(குன்றத்தூரில் சிற்றுண்டிக் கடை நடத்துவோர், மகளிர் சுய உதவிக் குழுவினர், தொழிலாளர் விடுதிச் சமையலர்கள் ஆகியோருக்காக நடந்த எரிவாயுப் பாதுகாப்புக் கூட்டத்தில், சிலிண்டர் பராமரிப்புப் பணியில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



காலை வியாபாரத்தை முடிச்சிட்டு, மதியச் சமையலுக்கு முன்னாடி கிடைச்ச ரெண்டு மணி நேரத்தில் வந்திருக்கீங்க. அதனால் சுருக்கமாகவே பேசுறேன். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு அண்ணன் சிரிச்சார். "குன்றத்தூர்ல பனியா? ஊட்டியில போய்ச் சொல்லுங்க"ன்னார். நியாயமான கேள்விதான். ஆனா இங்கே இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் கடை சிலிண்டரோட கீழ்ப்பாதியில் வெள்ளையா பனி படர்ந்து பார்த்திருக்கீங்க? கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிப் பேருக்கு மேல தூக்கிட்டீங்க. ஊர் குளிரலை, ஆனா சிலிண்டர் குளிருது. இன்னைக்குப் பேச்சே அதைப் பத்தித்தான்.

முதலில் நான் நேரில் பார்த்த ஒரு சம்பவம். ஒரகடம் பக்கம் ஒரு டிபன் கடை. மார்கழி மாசம், விடிகாலை அஞ்சு மணி. ஷிப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ் வரிசையா நிக்குது. பெரிய அடுப்பில் இட்லிக் கொப்பரை, பக்கத்தில் பூரிக்கு எண்ணெய்ச் சட்டி. ரெண்டுக்கும் ஒரே சிலிண்டர். திடீர்னு தீ குறைஞ்சு போச்சு. சிலிண்டரைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு. உதவிக்கு இருந்த தம்பி, யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டினான். ஒரு நொடியில் அடுப்பிலிருந்து ஆள் உயரத்துக்கு மஞ்சள் தீ கிளம்பிச்சு. கடைக்காரர் ஓடிப் போய் வால்வை மூடினதால் உயிர் தப்பிச்சாங்க. தம்பிக்கு ரெண்டு கையிலும் தீக்காயம். ரெண்டு மாசம் வேலைக்கு வர முடியலை.

அந்தத் தம்பி மேல தப்புச் சொல்ல முடியாது. சிலிண்டருக்குள்ளே என்ன நடக்குதுன்னு அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அதை இப்போ பார்ப்போம்.

சிலிண்டருக்குள் இருப்பது வெறும் காற்று மாதிரி வாயு இல்லை. அழுத்தத்தில் அடைக்கப்பட்ட திரவம். குலுக்கினா தளும்புற சத்தம் கேட்கும். அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, மேலே இருக்கிற காலி இடத்தில் வாயுவாக நிற்கும். அடுப்புக்கு வருவது அந்த வாயு. திரவம் ஆவியாகணும்னா அதுக்கு வெப்பம் வேணும். அந்த வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக, சுற்றியிருக்கும் காற்றிலிருந்துதான் வரணும்.

எவ்வளவு வெப்பம்? ஒரு கிலோ எரிவாயு ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ ஐஸ் கட்டி கரைவதற்கும் ஏறக்குறைய இதே அளவுதான் வேணும். அதாவது, ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ கேஸ் எரிச்சீங்கன்னா, சிலிண்டருக்குள்ளே ஒரு கிலோ ஐஸ் போட்ட மாதிரி. வீட்டு அடுப்பில் ஒரு பர்னர் மணிக்குச் சுமார் 100 முதல் 200 கிராம்தான் இழுக்கும். அந்த அளவு வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்று எளிதாகக் கொடுத்துடும். அதனால் வீட்டில் பனி பிடிக்காது. கடை அடுப்பு அப்படியில்லை. மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் இழுக்கும் அடுப்புகள் உண்டு. காற்று கொடுக்கிற வெப்பம் போதாது. அப்போ திரவம் தன்னுடைய சூட்டையே செலவழிச்சு ஆவியாகும், தானே குளிரும். முதலில் சிலிண்டர் வேர்க்கும். அப்புறம் அந்த வேர்வையே பனியா உறையும். உள்ளே அழுத்தம் விழும், தீ சுருங்கும்.

இன்னொரு விஷயம். நம்ம சமையல் எரிவாயு முக்கியமாக ரெண்டு பொருளின் கலவை: புரொப்பேன், பியூட்டேன். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஆவியாகும். சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே கொதிப்பதை நிறுத்திடும். அதாவது தண்ணி உறைகிற குளிரில் பியூட்டேன் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். அடுப்பு எரியும்போது புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியே போகும், பியூட்டேன் அதிகமாகத் தங்கும். சிலிண்டர் தீரப் போற நேரத்தில் பனித் தொல்லை அதிகமாவது இதனால்தான். தவிர, திரவம் குறையக் குறைய, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்புச் சுவரின் பரப்பும் குறையுது. வெப்பம் உள்ளே வர வழி சுருங்குது.

குளிர் ஊர்களில் இதே கதைதான் வெளியிலிருந்து நடக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி விழும். வீட்டுக்கு வெளியே வச்ச சிலிண்டர் விடிகாலையில் மந்தமாக எரிவது அங்கே இயல்பு. லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தில் மைனஸ் 20 வரைக்கும் போகும். கனடாவில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. அங்கே குளிருக்குத் தாங்கணும்னே பெரும்பாலும் புரொப்பேனைத்தான் தொட்டியில் நிரப்புறாங்க. தொட்டி மேல விழுந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளி விடுவாங்க. தொட்டியை ரொம்பக் காலியாக விட மாட்டாங்க. மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறவங்களும் தொட்டிக்கு அடியில் தீ வைப்பதில்லை. நாம 20 டிகிரி மார்கழிக் காலையில் அதைச் செய்யலாமா?

இப்போ செய்யக் கூடாத நாலு விஷயம். வரிசையாகச் சொல்றேன்.

ஒண்ணு, படுக்கப் போடுவது, தலைகீழாகச் சாய்ப்பது. சிலிண்டர் நேராக நின்றால் மேலே வாயு, கீழே திரவம். சாய்த்தால் வால்வு வழியாகத் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். ரெகுலேட்டரும் பர்னரும் அதைத் தாங்காது. ஒரகடம் கடையில் நடந்தது இதுதான்.

ரெண்டு, சூடு காட்டுவது. சுடுதண்ணி ஊத்துவதில்தான் ஆரம்பிக்கும். ஒரு நாள் ஊத்தி ஒண்ணும் ஆகலைன்னா, மறுநாள் கொதிக்கிற தண்ணி. அதுக்கடுத்த நாள் பக்கத்தில் விறகு அடுப்பு. எந்த இடத்தில் எவ்வளவு சூடு ஏறிச்சுன்னு அளக்க நம்மகிட்ட எதுவும் இல்லை. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறும், திரவம் விரியும். சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டு நிரப்புவதே அந்த விரிவுக்குத்தான். அந்த இடமும் அடைபட்டால் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூணு, சாக்குப் போர்த்துவது. இது பலர் நல்ல எண்ணத்தில் செய்வது. நமக்குப் போர்வை கதகதப்பைத் தரும், ஏன்னா நம்ம உடம்பே சூட்டை உண்டாக்குது. சிலிண்டர் சூட்டை உண்டாக்காது, வெளியிலிருந்துதான் வாங்குது. சாக்குப் போர்த்தினால் வர்ற வெப்பத்தையும் தடுக்கிறோம்.

நாலு, வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது. இது சட்டப்படி தப்பு. அதோட, சின்ன சிலிண்டருக்கு வெளிப்பரப்பும் குறைவு. பெரிய அடுப்பை மாட்டினால் சீக்கிரம் பனி பிடிக்கும்.

சரி, என்னதான் செய்யணும்? பனி பிடிச்சுட்டா அடுப்பை அணைச்சு, வால்வை மூடி, வேற சிலிண்டரை மாட்டுங்க. பனி பிடிச்சதை நிமிர்த்தியே காற்றோட்டமான இடத்தில் விட்டுடுங்க. சில மணி நேரத்தில் அதுவே சூடு வாங்கித் திரும்ப வேலை செய்யும். ஓய்வு கொடுத்தாலே போதும். சிலிண்டரை ஈரத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டாண்டு மேல வையுங்க. சுவரோட ஒட்டி, மூட்டைகளுக்கு நடுவில் திணிக்காதீங்க. நாலு பக்கமும் காற்று படணும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோட தங்கும். அதனால் பள்ளமான இடத்திலும் வைக்கக் கூடாது.

தினமும் பனி பிடிக்குதுன்னா ஒரு சிலிண்டர் உங்க அடுப்புக்குப் போதலைன்னு அர்த்தம். ரெண்டு அல்லது மூணு சிலிண்டரைச் சேர்த்து இணைக்கும் மேனிபோல்டு அமைப்பைப் போட்டுக்கலாம். பாரம் பிரிஞ்சு போகும், பனி பிடிக்காது. பெரிய தொழிற்சாலைகளில் இதுக்குன்னே வேப்பரைசர் கருவி வச்சிருப்பாங்க. மேனிபோல்டை உங்க விநியோகஸ்தர் மூலமா, பயிற்சி பெற்றவங்களை வச்சுத்தான் போடணும். ஹார்டுவேர் கடையில் டீ-ஜாயிண்ட் வாங்கிக் கட்டிக்கிறது வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, உரிமம் இல்லாமல் ஒரே இடத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிவாயுவைச் சிலிண்டர்களில் இருப்பு வைக்கக் கூடாது. 19 கிலோ சிலிண்டர்னா அஞ்சு, அவ்வளவுதான் கணக்கு.

இப்போ பண விஷயத்துக்கு வர்றேன். நிறைய பேர் என்கிட்ட சொல்ற குறை: "சிலிண்டர் தீர்ந்துபோச்சு, ஆனா குலுக்கினா உள்ளே தண்ணி தளும்புது, ஏமாத்திட்டாங்க." முழுக்கத் தண்ணின்னு முடிவு கட்டிடாதீங்க. பெரும்பாலும் அது ஆவியாக முடியாமல் தங்கிப்போன எரிவாயு. நீங்க காசு கொடுத்து வாங்கினது. அதைத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிலிண்டரில் காலி எடை பொறிச்சிருக்கும். உதாரணமா 18.5 கிலோன்னு இருக்கு, தராசில் வச்சா 23 கிலோ வருதுன்னு வச்சுக்குவோம். இன்னும் 4.5 கிலோ உள்ளே இருக்கு. அந்தச் சிலிண்டரைச் சின்ன அடுப்புக்கு, டீ போடுற அடுப்புக்கு மாற்றுங்க. மெதுவா இழுத்தால் கடைசி வரைக்கும் வரும். தராசு இல்லைன்னா பனியே கணக்குச் சொல்லும். வெளியில் பனிக்கோடு எந்த உயரத்தில் நிக்குதோ, உள்ளே திரவம் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கு. நல்லா ஓய்வு கொடுத்து, சின்ன அடுப்பில் போட்டும் எரியவே இல்லை, எடை மட்டும் இருக்குன்னா, அப்போ விநியோகஸ்தரிடம் தாராளமாகப் புகார் கொடுங்க. தீர்வு வரலைன்னா மாவட்ட நிர்வாகம் நடத்தும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம்.

எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. மூணு வேலைக்கு அதைப் பயன்படுத்துங்க. சிலிண்டர் வந்ததும் காலி எடையையும் அடுத்த சோதனைத் தேதியையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. சோதனைத் தேதி கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் இருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச், 'பி' ஏப்ரல் முதல் ஜூன், 'சி' ஜூலை முதல் செப்டம்பர், 'டி' அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் ஆண்டு இருக்கும். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீங்க, மாற்றிக் கேளுங்க. ரெண்டாவது, எடை போடும்போது தராசையும் சேர்த்துப் போட்டோ எடுங்க, புகாருக்கு உதவும். மூணாவது, 1906 என்ற எண்ணை இப்பவே போனில் சேமிச்சுக்குங்க. கேஸ் கசிவுக்கு 24 மணி நேரமும் இயங்கும் அவசர உதவி எண். தீப்பிடிச்சால் 101 அல்லது 112. ஆனா ஒண்ணு, கசிவு வாடை வந்தால் அங்கேயே நின்னு போன் பண்ணாதீங்க. சுவிட்சைத் தொடாமல், முடிஞ்சா வால்வை மூடி, எல்லாரையும் வெளியே கூட்டிக்கிட்டு வந்து, தள்ளி நின்னு பேசுங்க.

விடுதியில் சமைக்கிற வெளிமாநிலத் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க. அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கலாம்னு பலருக்குத் தெரியாது. கடைச் சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி நிரப்புற ஆபத்தான வேலை அவங்களுக்கு வேண்டாம்.

அந்த ஒரகடம் தம்பி இப்போ வேற கடையில் மாஸ்டர். போன மார்கழியில் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ரெண்டு சிலிண்டர், ஒண்ணு எரியுது, ஒண்ணு ஓய்வில் நிக்குது. "அண்ணே, இது வேர்க்க ஆரம்பிச்சதும் அதை மாட்டிடுவேன்"னான். நான் இன்னைக்குப் பேசினது முழுக்க அவன் அந்த ஒரு வரியில் சொல்லிட்டான்.

உங்க கேள்விகளைக் கேளுங்க.