மார்த்தாக்களின் அடுப்படி



இருதய நோயைப் பற்றிப் பேச வந்த நாம் வைத்தியம் பயில்பவரல்லோம், கலைப்பிரிவு மாணவர். ஆதலின் மருந்தை வைத்தியரிடமே விட்டுவிட்டு, அடுப்படியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகின்றோம்.

சென்ற ஆண்டு எமது இளைஞர் சிலர், கூலித் தொழிலாளர் வாழும் ஒரு குடியேற்றத்துக்குச் சென்றோம். சுவரிலே படங்களைத் தொங்கவிட்டு, உப்பைக் குறையுங்கள், கொழுப்பைக் குறையுங்கள் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தோம். பொறுமையோடு கேட்டிருந்த ஓர் ஆச்சி இறுதியில், "தம்பிமார், எல்லாம் நல்ல கதைதான். அப்ப இரவைக்கு என்னத்தைக் காய்ச்சுறது?" என்றார். அவருடைய மகன் 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்பதைத் திரும்பி வரும் வழியிலேதான் அறிந்தோம். ஆச்சியின் வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எம்மில் ஒருவருக்கும் ஒரு சொதி வைக்கவும் தெரியாது.

அந்த விடையைத் தேடியபோதுதான் வட கரேலியாவின் கதை எமக்குக் கிடைத்தது. அது பின்லாந்து தேசத்தின் கிழக்கெல்லையில் உள்ள மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த குளிர்நாடு. மரம் வெட்டுவோரும் சிறு கமக்காரரும் அங்கே வாழ்ந்தனர். யுத்தத்தின் பின் பசுவும் பன்றியும் பெருகியபோது, நல்ல சாப்பாடு என்றால் வெண்ணெயும் கொழுத்த பாலும் உப்பிட்ட இறைச்சியும் என்றாயிற்று. மரக்கறியை விலங்குகளின் தீனியென்று எண்ணிய ஆடவரும் இருந்தனர். காட்டிலே உடல் வருந்தி உழைத்த அந்த ஆடவரே நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பால் மாண்டனர். உலகிலேயே இந்நோயால் ஆடவர் மிக அதிகமாக இறந்த இடங்களில் ஒன்றாக அம்மாகாணம் பெயர் பெற்றது. அம்மாகாணத்திலிருந்து 1971 இல் அரசாங்கத்துக்கு மனுச் சென்றது. 1972 இல் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய வைத்தியர் பெக்கா புஸ்கா அப்போது இளைஞரே. இதை எமது இளைஞர்கள் கவனிக்கவேண்டும், பெரியோர்களும் கவனிக்கவேண்டும்.

துண்டுப்பிரசுரங்களால் மட்டும் மக்களின் உணவு மாறாது என்பதைக் கண்ட புஸ்கா, மார்த்தா சங்கத்தின் உதவியை நாடினார். அது 1899 இல் தோன்றிய இல்லத்தரசியர் சங்கம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அப்பெயரைக் கண்டதும் சிரிப்பு வந்தது. விவிலியத்திலே மரியாள் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்து உபதேசம் கேட்க, சகோதரி மார்த்தாள் வீட்டுப் பணிவிடைகளில் அலைந்துகொண்டிருப்பாள். எமது ஆசிரியர் மரியாளையே புகழ்வார். பரீட்சையிலும் அவ்வாறே எழுதிப் புள்ளி வாங்கினோம். வட கரேலியாவுக்கோ மார்த்தாளே தேவைப்பட்டாள்.

அச்சங்கத்துப் பெண்கள் ஊர்தோறும் மாலை விருந்துகள் நடத்தினர். 'நீண்ட ஆயுள் விருந்து' என்று அவற்றுக்குப் பெயர். பேச்சு கொஞ்ச நேரம். மிகுதி நேரமெல்லாம் சமையலும் சாப்பாடும். புதிய நாட்டுப் பதார்த்தம் எதையும் அவர்கள் திணிக்கவில்லை. கொழுத்த இறைச்சியும் உப்பும் நீரும் சேர்த்து வேகவைக்கும் தமது பழைய கரேலியக் குழம்பையே எடுத்தனர். இறைச்சியில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த மண்ணில் விளையும் கிழங்கையும் கரட்டையும் இட்டனர். உண்டு பார்த்தவர்கள் ருசியென்றனர். ஊர்ப் பெண் ஒருத்தி சமைத்து, ஊரார் உண்டு ஒப்புக்கொண்ட கறி மறுநாள் அடுத்த வீட்டு அடுப்பிலும் ஏறும். படத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

வீட்டு அடுப்பை மட்டும் மாற்றினாலும் போதவில்லை. கடையில் விற்கும் கொத்திறைச்சிக் குழலில் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்கும்படி அதைச் செய்பவரிடம் போய்க் கேட்டார்கள். பாற்பண்ணை வைத்திருந்தோர் சிலரைச் சிறு பழச்செய்கைக்குத் திருப்பினார்கள். வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய் புழக்கத்துக்கு வந்தது. மாகாணத்தில் 25 ஆண்டுகள் நடந்து, 1997 இல் அத்திட்டம் நிறைவுற்றது. 1970 ஐ அண்டிய காலத்துடன் ஒப்பிட, நாற்பது ஆண்டுகளின் பின் உழைக்கும் வயது ஆடவர் இருதய நோயால் இறப்பது நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் குறைந்தது. இதெல்லாம் சமையலால் மட்டும் வந்ததன்று. புகைத்தல் குறைந்ததும், இரத்த அழுத்தத்துக்கு ஒழுங்காக மருந்து கொடுத்ததும் துணைநின்றன.

நிற்க. எமது ஆச்சியிடம் வருவோம். அவர் வீட்டில் வெண்ணெய் இல்லை. தேங்காயும் உப்பும் கருவாடும் உண்டு. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்களவு நிறைவுற்ற கொழுப்பு. உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேங்காயை விடுங்கள் என்றால் ஆச்சி எம்மை விட்டுவிடுவார். முதற்பாலைக் குறைத்துக் கப்பிப்பாலில் சொதி வைக்கலாம். கருவாட்டை ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிடலாம். வேலியிலுள்ள முருங்கையிலையைப் பயறோடு சேர்க்கலாம். அதற்கு மேலே அவருக்குத்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கவேண்டிய எதையும் நாம் சொல்லப்போவதில்லை. கூலி கிடைத்த நாளில் மட்டும் கடைக்குப் போகும் குடும்பங்கள் அவை.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலை, அன்னதானத்துக்கென வைத்திருக்கும் கிடாரங்களையும் அகப்பைகளையும் எமக்குத் தந்துதவ வேண்டும். முந்நூறு பேருக்குச் சமைக்கும்போது விறகு தூக்கும் நாம், மூன்று பேருக்குச் சமைக்கவும் பழகிக்கொள்கின்றோம். "பொடியளுக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டதும் எமக்குத் தெரியும். கறியைத் தெரிவுசெய்பவர் ஆச்சி, சமைப்பவரும் அவரே. நாம் மரக்கறி அரிந்து, தேங்காய் துருவி, பாத்திரம் கழுவுவோம். அவருடைய சம்மதத்தைச் சென்ற கிழமை போய்க் கேட்டுவிட்டோம். "பாத்திரத்தை முதல் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்று சொல்லியிருக்கின்றார்.