ஆண் பாலியல் தொழிலாளரும் எச்.ஐ.வி. தடுப்பும்



பெங்களூருவின் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் 10ஆம் நாள் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இவ்வூர் வரை திறக்கப்பட்டது. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை அறைகளில் பலராகக் கூடி வாழும் இளைஞர்கள் இத்தகைய தொழில் வட்டாரங்களில் மிகுதி. இடம்பெயர்ந்த தொழிலாளரையும் லாரி ஓட்டுநரையும் தனிப் பிரிவுகளாகக் கொண்டே எச்.ஐ.வி. தடுப்புப் பணி நடைபெறுகிறது. ஆயினும், பெருநகரங்களில் கணக்கில் எளிதில் அகப்படாத பிரிவினர் ஒருவர் உண்டு. பணத்துக்காகப் பாலுறவில் ஈடுபடும் ஆண்களே அவர்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வே அதனை வெளிப்படுத்திற்று. பாலியல் தொழிலாளர் என்றால் பெண் என்றே கருதும் போக்கு இன்றும் நீங்கவில்லை. ஆண் பாலியல் தொழிலாளர், ‘ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்’ என்னும் பிரிவிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றனர். அவர்களுடைய பிழைப்பின் பொருளாதாரம் அதனால் மறைந்துபோகிறது.

ஆணுறை இன்றியமையாதது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால், அது வேண்டாமென்று சொல்லிக் கூடுதல் தொகை தர ஒருவர் முன்வரும்போது, அறை வாடகை நிலுவையில் உள்ளவரால் எளிதில் மறுக்க இயலாது. அங்கே குறைவது அறிவு அன்று. பேரம் பேசும் வலிமையே. அவர் மணமானவராயின், வீட்டிலுள்ள மனைவியும் ஆபத்துக்கு உள்ளாகிறார்.

சட்டமும் நெடுங்காலம் தடையாக இருந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992இல் தொடங்கியது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே தொற்று 8 சதவீதத்துக்கு மேல், பொதுமக்களிடையே 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும், தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு தடுப்புப் பணிக்கு இடையூறாக உள்ளது என்றும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே வழக்கில் உள்துறை அமைச்சகம் அப்பிரிவை ஆதரித்தது. அரசின் ஒரு துறை சிகிச்சைக்கு அழைக்க, மற்றொரு துறை அச்சுறுத்தும் நிலை. 2009இல் கிடைத்த விடுதலை 2013இல் பறிபோய், 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் மீண்டது.

இவ்வச்சத்தின் நடுவிலும் சென்னையில் 1998இல் தோன்றிய சகோதரன் அமைப்பும், பெங்களூருவில் 1999இல் தோன்றிய சங்கமா அமைப்பும் பணியாற்றின. அதே வாழ்வை அறிந்த ஒருவரே வழிகாட்டியாக வரும்போது, கேட்பவர் கூச்சமின்றிக் கேட்கிறார். எண்ணெயும் வாசலினும் ஆணுறையின் ரப்பரை நலியச் செய்யும். நீர் சார்ந்த வழவழப்புக் களிம்பே ஏற்றது. தொற்றுக்கு இடமளித்த நிகழ்வுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். இத்தகைய செய்திகள் சுவரொட்டியைவிட இவ்வாறான உரையாடலிலேயே நன்கு பதியும்.

அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 முதல் இலவசம். தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பது 2017 முதல் கொள்கை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், பாலுறவின் வழியே தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், தொற்றுள்ளவரைப் பாகுபடுத்துவதையும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மருந்தும் சட்டமும் இருந்தும், மருத்துவமனை வாயிலிலிருந்து ஒருவர் திரும்பிச் செல்வாராயின் பயனில்லை. ஆசனவாயிலோ தொண்டையிலோ உள்ள பால்வினை நோய் பல வேளைகளில் அறிகுறி காட்டாது. மருத்துவர் இயல்பாகக் கேட்டாலன்றி நோயாளி அதனைச் சொல்லமாட்டார். அவ்வினாவை இகழ்ச்சியின்றிக் கேட்கவும், விடையை வெளியே விடாது காக்கவும் ஊழியரைப் பயிற்றுவித்தல் நிர்வாகத்தின் பொறுப்பு. வழங்கிய ஆணுறைகளின் எண்ணிக்கையோடு, மறுமுறையும் தாமாக வந்தோர் எத்தனை பேர் என்பதையும் அதிகாரிகள் ஆராய்வார்களாக.